வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலேயே மனசு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் பத்து மேசை, இரண்டு இன்டர்நெட் லைன், ஒரு பெரிய இன்வெர்ட்டர் வைத்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். சென்னை, பெங்களூர் கம்பெனிகளுக்கு ஊரிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் வந்து உட்காருகிறார்கள். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. மேசைக்கு மட்டும்தான் வாடகை. காபி நேரத்தில் அவர்கள் கொட்டும் கவலைக்குக் கணக்கு வைப்பதில்லை. ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை; ஐடியில் பன்னிரண்டு வருஷம் இருந்து, கடைசி இரண்டு வருஷம் வீட்டிலிருந்து பார்த்துச் சூடுபட்டவன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வீட்ல உக்காந்து வேலை பாக்கறதுல அப்படி என்ன மன உளைச்சல்? டிராஃபிக் இல்ல, வாடகை இல்ல, அம்மா கையால சாப்பாடு. இதுக்கு மேல என்ன வேணும்?

எல்லாம் உண்மை. வேளச்சேரி வாடகை மிச்சமானதில் வீட்டுக் கடனை அடைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆபீஸ் நாம் கேட்காமலே மூன்று காரியம் செய்துகொண்டிருந்தது. வேலையை ஓர் இடத்தில் ஆரம்பித்து முடித்து வைத்தது. பேச்சுத் துணை கொடுத்தது. நாம் வேலை பார்க்கிறோம் என்பதற்கு நாலு பேரைச் சாட்சியாக வைத்தது. ஊருக்கு வந்ததும் மூன்றும் போய்விட்டன. கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்தவை.

நம் பக்கத்தில் நடவு ஆட்கள் வேலை முடிந்து வயலை விட்டு வருவதைக் 'கரையேறுவது' என்போம். நேரமாகிவிட்டால், நாலு நாற்று முடி மிச்சமிருந்தாலும் கரையேறிவிடுவார்கள். வாய்க்காலில் கால் கழுவினால் அன்றைய வேலை போச்சு. லேப்டாப் வேலையில் அந்தக் கரை எங்கே இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

எனக்கு வந்திருக்கறது சோம்பேறித்தனமா, இல்ல எல்லாரும் சொல்ற 'பர்ன் அவுட்'டா?

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: உடம்பிலும் மனசிலும் தெம்பு வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பும் ஒட்டாத தன்மையும் வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றும், இது நோய் அல்ல, வேலை சார்ந்த நிலை என்றும் அந்தப் பட்டியலே சொல்கிறது. அதனால் இதை உங்கள் குணத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்கும் கேள்வி இது: வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பிடித்ததைச் செய்ய உற்சாகம் வருகிறதா? வந்தால் பிரச்சினை பெரும்பாலும் வேலை ஏற்பாட்டில் இருக்கிறது. கிரிக்கெட், சினிமா, பிள்ளையைக் கொஞ்சுவது எதுவுமே வேண்டாமென்று இருந்தால் அது வேறு விஷயம். அதற்கு டாக்டர் பற்றிய கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

லேப்டாப்பை மூடிட்டாலும் மனசு மூட மாட்டேங்குதுண்ணே. ராத்திரி படுத்தாலும் ஆபீஸ்ல முடிக்காம விட்ட அந்த 'டிக்கெட்' வேலையே ஓடுது. என்ன செய்யலாம்?

கரையேற ஒரு சடங்கு வேண்டும். எங்கள் மாடிக்கு வரும் ஒருவர் ஆறரைக்கு நாளைய மூன்று வேலையை ஒரு நோட்டில் பேனாவால் எழுதுவார். பிறகு சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டுவார். போனில் ஆபீஸ் சாட்டின் சத்தத்தை அணைப்பார். கடைசியாகக் கீழே குழாயில் முகம் கழுவுவார். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் எழுதி வைத்ததை மனசு ராத்திரியில் மறுபடி மறுபடி எடுத்துக் காட்டுவது குறைகிறது என்பதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே இருப்பவர் சட்டையை மாற்றிக்கொண்டு அரசலாற்றங்கரை வரை நடந்து வரட்டும். போகும்போது ஆபீசிலிருந்து கிளம்பின மாதிரி, வரும்போது வீட்டுக்கு வந்த மாதிரி.

இன்னொருவர் சனிக்கிழமை காலை லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். அந்த அம்மா கண்டிப்பானவர், திங்கட்கிழமை வரை தரமாட்டார்.

ஏன் இவ்வளவு பாடு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35-40 மணி நேரக்காரர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று வந்தது. ஒரு வாரம் உங்கள் மணிக்கணக்கை எழுதிப் பாருங்கள். சாப்பிடும்போது பதில் அனுப்பியதையும் சேர்த்து.

தனி ரூம் கிடையாது. கூடத்துலதான் உக்காரணும். டிவி, விருந்தாளி எல்லாம் அங்கதான்.

சுவரைப் பார்த்து உட்காருங்கள், முதுகுப் பக்கம் வீடு நடக்கட்டும். பழைய வீடாக இருந்தால் ரேழியில் ஒரு சின்ன மேசை போதும். அங்கே யாரும் நிற்பதில்லை, காற்றும் வரும். எவ்வளவு சின்ன இடமானாலும் சரி, அது வேலைக்கு மட்டும். கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கட்டிலில் படுக்கும்போதும் வேலை வந்து உட்காரும்.

'வீட்லதானே இருக்கே'ன்னு அம்மா கேஸ் சிலிண்டர்லேர்ந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் என்னையே அனுப்பறாங்க. முடியாதுன்னா கோவிச்சுக்கறாங்க. எப்படிப் புரிய வைக்கறது?

அம்மாவின் பக்கம் கொஞ்சம் யோசிப்போம். அவர் பார்த்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த வேலை. வேர்வை தெரியும், அறுத்த கதிர் தெரியும், தைத்த துணி தெரியும். நீங்கள் நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தனக்குத்தானே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதை வேலை என்று அவர் நம்ப வேண்டுமென்றால் கொஞ்சம் காட்ட வேண்டும். ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து, இதில் தப்பு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லுங்கள். என் அம்மாவிடம், "கொள்முதல் நிலையத்துல மூட்டை எடை போடறப்ப நடுவுல எழுந்து போக முடியுமா? அந்த மாதிரிம்மா மீட்டிங்" என்று சொன்னேன். அன்றிலிருந்து மீட்டிங் என்றால் டிவி சத்தத்தையும் குறைத்துவிடுகிறார்.

பிறகு கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று. கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் யாரும் கூப்பிடக்கூடாது, துண்டு இல்லையென்றால் கூப்பிடலாம். தினக் காலண்டரில் மீட்டிங் நேரத்தைக் காலையிலேயே எழுதி வைப்பது ஒரு வீட்டில் நடக்கிறது. ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே 'கிளையன்ட் கால்' என்று இருக்கும்.

வெறும் 'முடியாது' மட்டும் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். பதினொரு மணிக் காபி அம்மாவோடுதான், கால் மணி நேரம், போன் இல்லாமல். ரேஷன் கடை சனிக்கிழமை உங்கள் பொறுப்பு. கொடுத்த நேரத்தைத் தவறாமல் கொடுத்தால் மற்ற நேரத்தை அவர் விட்டுக்கொடுப்பார்.

தெருவுல 'என்ன தம்பி, வேலை போயிடுச்சா?'ன்னு கேக்கறாங்க. பொண்ணு பாக்கப் போனா 'மாப்பிள்ளை வீட்லதான் இருக்காராம்'ங்கறாங்க. அவமானமா இருக்கு.

கேட்பவருக்கு மூன்று நிமிஷப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். "இருக்குங்க, வீட்லேர்ந்தே பாக்கறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பெண் வீட்டாருக்குச் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள், பேச்சு மாறிவிடும்.

நான் இந்த வீட்டு மருமக. அவரும் வீட்லேர்ந்துதான் வேலை பாக்கறார், நானும்தான். ஆனா எனக்கு மட்டும் ரெண்டு ஷிஃப்ட். இதுக்கு என்னண்ணா பதில்?

மேலே அம்மாவைப் பற்றிச் சொன்ன துண்டும் காலண்டரும் மகன்களுக்கு வேலை செய்கிற அளவு மருமகள்களுக்கு வேலை செய்வதில்லை. அதை மறைத்து யோசனை சொல்ல எனக்கு இஷ்டமில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாக வந்தது. மூன்று மடங்கு. உங்கள் களைப்புக்கு மனநலப் பெயர் தேடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று கணவரிடம் கேட்காதீர்கள். உதவி என்றாலே வேலை உங்களுடையது என்று ஆகிவிடுகிறது. முழு வேலையாகப் பிரித்துக் கொடுங்கள். காலை டிபன் அவருடையது என்றால் மாவு இருக்கிறதா, சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். மாமியாரிடம் அதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். எங்கள் மாடியில் பத்து மேசையில் ஆறு பெண்களுடையது. வீட்டில் இடம் இல்லாமல் வந்தவர்கள் அதில் ஒருவர் கூட இல்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒன்று: மகப்பேறு சட்டத்தை 2017-இல் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அது முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து பார்ப்பதைப் பற்றி நிர்வாகத்தோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. 26 வாரத்துக்குள்ளேயே 'வீட்லதானே இருக்கீங்க, இதை மட்டும் பாருங்க' என்று மெயில் வந்தால் பார்க்க வேண்டியதில்லை.

அமெரிக்கா ஷிஃப்ட். விடியக்காலம் நாலு மணிக்குப் படுக்கறேன். மார்கழியில அஞ்சு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிச்சுடுது. தூக்கமே இல்லாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு.

மார்கழிதான் இந்த ஷிஃப்ட்டுக்குக் கஷ்ட காலம், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் திருப்புகிறார்கள். நியூயார்க்கோடு நமக்கிருந்த ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரையாகிவிடும். அவர்கள் காலை எட்டு மணிக்கு வந்தால் கோடையில் நமக்கு மாலை ஐந்தரை; மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை ஆறரை. மொத்தக் குளிர்காலமும் உங்கள் நாள் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது, வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை.

தினமும் ஏதாவது நாலு மணி நேரத்தைத் தூக்கத்துக்கென்று ஒரே இடத்தில் நிறுத்துங்கள். ஷிஃப்ட் நாளானாலும் லீவு நாளானாலும் அந்த நாலு மணி நேரம் மாறக்கூடாது. மீதியை மத்தியானம் சேர்த்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு முழுசாகப் பகலுக்கு மாறி, திங்கள் மறுபடி ராத்திரிக்கு மாறுபவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள். ஜன்னலுக்குக் கெட்டித் திரை, காதுக்குப் பஞ்சு போன்ற அடைப்பான், கைக்கு எட்டாத தூரத்தில் போன். காபி குடித்து ஐந்து மணி நேரம் ஆனபிறகும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். அதனால் நள்ளிரவுக்கு மேல் டிகாக்‌ஷன் வேண்டாம், கும்பகோணத்துக்காரன் நானே சொல்கிறேன். ஸ்பீக்கரைப் பற்றிக் கோயில் நிர்வாகத்திடம் ஒருவர் போய்ப் பணிவாகப் பேசினார். குழாயின் முகம் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து திரும்பியது. சத்தம் நிற்கவில்லை, குறைந்தது.

கரண்ட் போனா நெஞ்சு படபடங்குது. மழைக்காலம் வந்தாலே பயமா இருக்கு. இது ஏதாவது வியாதியா?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதைப் பார்த்த ஊர்க்காரருக்கு மேகம் கறுத்தாலே படபடப்பு வருவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் கேட்டுப் பார்த்தால் பலருக்குப் பயம் இருட்டைப் பற்றியதே இல்லை. 'கரண்ட் இல்லை என்று சொன்னால் அங்கே நம்புவார்களா' என்பதுதான். முதல் கேள்வியில் சொன்ன சாட்சி இல்லாத பிரச்சினை.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு பேப்பரில் வருகிறது. அதைப் படம் பிடித்து டீமுக்கு அனுப்பிவிட்டு, அன்று எங்கே உட்காருவீர்கள் என்றும் சொல்லுங்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் லேப்டாப், இன்டர்நெட் டப்பா, ஒரு ஃபேன் மூன்றையும் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தாலே படபடப்பு பாதி இறங்கும். கரண்ட் இருக்கும்போதும் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டு, வேர்த்து, மூச்சு முட்டினால் முதலில் ஒரு டாக்டரிடம் இதயத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

எங்க மேனேஜர், சாட்ல நான் ஆன்லைன்ல இருக்கேன்னு காட்டற அந்தப் பச்சை விளக்கையே பாத்துக்கிட்டிருக்கார். பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள 'எங்க போனே?'ன்னு மெசேஜ். மவுஸ் தானா ஆடற மாதிரி ஒரு கருவி வாங்கலாமா?

வாங்காதீர்கள். பிடிபட்டால் வேலை போகும், பிடிபடாவிட்டாலும் 'பிடிபட்டுவிடுவோமோ' என்ற பயம் கூடுதலாகச் சேரும். பச்சை விளக்குக்குப் பதிலாக அவருக்கு வேறு சாட்சி கொடுத்துப் பாருங்கள். காலையில் இன்று செய்யப்போவது இரண்டு வரி, மாலையில் முடித்தது இரண்டு வரி. இரண்டு மூன்று வாரத்தில் பல மேனேஜர்கள் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதால் வரும் பதற்றம் அது.

அப்படியும் விடாதவர் உண்டு. அவருக்கு மருந்து உங்களிடம் இல்லை. டீம் மாற்றம் கேட்பதுதான் வழி.

வீடியோ மீட்டிங் முடிஞ்சா வயல்ல வேலை பாத்த மாதிரி அசதி. உக்காந்துதானே இருந்தேன்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நாலு காரணம் எழுதினார்: எல்லா முகமும் மிக அருகில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் கிடப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. இரண்டாவதற்கு வைத்தியம் சுலபம்: உங்கள் முகம் உங்களுக்கே தெரியாமல் மறைக்கும் பொத்தான் இருக்கிறது, அழுத்திவிடுங்கள். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பேச யாரால் முடியும்?

ஊர்லதான் இருக்கேன். ஆனா பேச ஆளே இல்லண்ணே. சென்னையில ரூம்ல இருந்தப்பகூட இவ்வளவு தனியா இருந்ததில்ல.

கூடப் படித்தவன் சிங்கப்பூரில், பக்கத்து வீட்டுக்காரன் துபாயில், மிச்சமிருப்பவர்களுக்கு நீங்கள் 'கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்'. இது பலர் சொல்லக் கூச்சப்படும் விஷயம், நீங்கள் சொன்னது நல்லது. சீனாவில் ஒரு பயண முன்பதிவுக் கம்பெனி 2010-இல் தன் ஊழியர்களில் விருப்பப்பட்டவர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்துப் பரிசோதித்தது. வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் முடிந்ததும், வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீசுக்கே வருகிறோம் என்றார்கள். தனிமைதான் அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

புதிதாக நண்பர்களைத் தேடுவதைவிட ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போவது பலன் தருகிறது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அதே டீக்கடை. பத்து நாளில் கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போடுவார், இருபதாவது நாளில் மேட்டூர் நீர்மட்டம் பற்றி உங்களிடம் யாராவது வாக்குவாதம் செய்வார். வாலிபால் ஆடுகிற திடலோ, நூலகமோ, கோயில் பிரகாரமோ எதுவானாலும் சரி. தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களின் கம்பெனி அங்கே 2024-இல் திறந்த டைடல் நியோ ஐடி பூங்கா போன்ற இடத்தில் இருக்கை எடுக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். என் மாடிக்கு விளம்பரம் செய்வதாக நினைக்க வேண்டாம், மேசை காலி இல்லை.

கண்ல படாததால புரமோஷன்ல என்னை மறந்துடுவாங்களோ?

அந்தப் பயம் நியாயமானது. மேலே சொன்ன அதே சீனப் பரிசோதனையில், ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. அதே கம்பெனியில் பின்னால் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. அதில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வில் குறை தெரியவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நமக்கு வாரம் மூன்று நாள் சென்னை சாத்தியமில்லை. மாதம் ஒரு தடவை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். இரண்டு நாள் இருந்து, அந்த இரண்டு நாளும் மேசையில் முடங்காமல் ஆட்களோடு சாப்பிட்டுப் பேசிவிட்டு வாருங்கள்.

அப்பா வயல்ல ஒத்தையா கஷ்டப்படறார். நான் நூறு அடி தள்ளி ஏசில உக்காந்திருக்கேன். குற்ற உணர்ச்சி கொல்லுது. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?

சமாளிக்கவில்லை. 2021 ஐப்பசியில் குறுவை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு அப்பா மூன்று நாளாகக் காவல் இருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று எடை போடவில்லை. நான்காம் நாள் மாலை மழை கட்டியது. அப்பா மூன்று தடவை போன் செய்தார். நான் வீட்டு மாடியில் ஒரு அமெரிக்க கிளையன்ட் மீட்டிங்கில் இருந்தேன். மூன்று தடவையும் துண்டித்தேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த மீட்டிங் அது. தார்ப்பாயை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் காற்றில் தூக்கியிருக்கிறது. மறுநாள் காலை அப்பா ரோட்டில் நெல்லைப் பரப்பி, வெறும் காலால் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காபி குடிச்சியா?" என்றார்.

அதற்குப் பிறகு செய்தது இவ்வளவுதான். அறுவடை எப்போது என்று நமக்கு ஏறக்குறைய தெரியும். குறுவைக்கும் சம்பாவுக்கும் அந்த வாரங்களில் லீவை முன்பே போட்டு வைத்தேன். அப்பாவுக்கு ஓர் ஏற்பாடு: அடுத்தடுத்து இரண்டு தடவை அழைத்தால் அவசரம், எந்த மீட்டிங்கானாலும் எழுந்து வருவேன். 'வீட்டில் அவசரம், பத்து நிமிஷம்' என்று சொன்னதற்கு இதுவரை யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்டிருக்க மாட்டார்கள். குற்ற உணர்ச்சி முழுசாகப் போகவில்லை, ஆனால் அதற்கு இப்போது நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் போனை எடுக்காம இருக்கலாம்னு சட்டம் வந்திருக்காமே?

பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் அந்த மாதிரி உரிமை இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் 2018-இல் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி மேனேஜரிடம் சண்டை போடாதீர்கள். 'ஒன்பதுக்கு மேல் அவசரமென்றால் போன் செய்யுங்கள், மெசேஜ் காலையில்தான் பார்ப்பேன்' என்று டீமில் ஒருதரம் எழுதிவிடுவது சட்டத்தைவிட விரைவாக வேலை செய்கிறது. போன் செய்வதற்குக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள்.

லீவு கேக்கும்போது 'மனசு சரியில்ல'ன்னு சொல்லலாமா? இன்சூரன்ஸ்ல வருமா?

சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. உடம்பு சரியில்லை என்று சிக் லீவ் போடலாம், மனசும் உடம்பில்தான் இருக்கிறது. நம்பிக்கையான மேனேஜராக இருந்தால் சொல்லுங்கள், சந்தேகமிருந்தால் சொல்லாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது டாக்டர், ஆஸ்பத்திரியின் கடமை. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. வெளிநோயாளியாகப் பார்க்கும் செலவு உங்கள் பாலிசியில் அடங்குமா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடங்காத பாலிசிகள் நிறைய.

சாட்ல ஒரு சீனியர் தப்பான மாதிரி மெசேஜ் அனுப்பறார். நான் வீட்லதானே இருக்கேன், இதெல்லாம் ஆபீஸ் கணக்குல வருமா?

வரும். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடம் என்பதில் வீட்டையும் சேர்த்திருக்கிறது. மெசேஜ்களை அழிக்காமல் படம் எடுத்து, ஆபீஸ் கணக்கில் இல்லாமல் உங்கள் சொந்தக் கணக்கில் வையுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனி என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று பயந்து பல மாதம் வாயைத் திறக்காத பெண்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதக் கெடு அதற்குள் ஓடிவிடுகிறது.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? போனா 'மெண்டல்'னு ஊரே பேசும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு கனத்துக் கிடந்தாலோ, எதிலும் ஆசையே இல்லாமல் போனாலோ, தூக்கமோ பசியோ கெட்டாலோ போய்விடுங்கள். சாயங்காலமானால் குடித்தால்தான் ஆகும் என்ற நிலை வந்தாலும் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் அரசு மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். ஊர் பேசும் என்று பயந்தால் முதல் பேச்சைப் போனிலேயே பேசலாம்: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் எண்ண வேண்டாம். அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லுங்கள், அந்த எண்ணுக்கு அடியுங்கள், தனியாக இருக்காதீர்கள். நண்பர் ஒருவர் அப்படிச் சொன்னால் அறிவுரை ஆரம்பிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.

எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். சென்னைக்கே திரும்பிப் போயிடலாமான்னு இருக்கு. போனா தோத்துட்ட மாதிரி ஆகாதா?

யாரிடம் தோற்றதாக? முதலில் எது உங்களை அரிக்கிறது என்று பிரியுங்கள். தனிமை என்றால் சென்னை உதவும். மேனேஜர் என்றால் பச்சை விளக்குக்காரர் அங்கேயும் அவர்தான், ஊர் மாறி லாபமில்லை. வீட்டுச் சுமை என்றால் அதைப் பிரிக்காமல் போனால் வார இறுதியில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நண்பன் அறையில் மூன்று வாரம் இருந்து அங்கிருந்து ஆபீஸ் போய்ப் பாருங்கள். தூக்கம் எத்தனை மணி நேரம், ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைகிறதா, எத்தனை பேரிடம் சிரித்துப் பேசினீர்கள் என்று நோட்டில் குறித்து, ஊரில் ஒரு வாரம் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வலங்கைமானிலிருந்து வந்துகொண்டிருந்த பெண் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டுப் போன தையில் சென்னைக்கே போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறார், வந்தால் தன் பழைய ஜன்னலோர மேசை மேல் பையை வைத்துவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறார். நான் வேலையையே விட்டவன். தைரியசாலி என்று நினைக்காதீர்கள், மனைவிக்கு டீச்சர் சம்பளம் இருந்தது.